தெரியாது என்று சொல்லத் தெரிந்த கடிகாரம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எதையெல்லாமோ கவனிக்கிறோம். ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, எந்த பிராசசர் என்று கடைக்காரரைத் துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் திரையின் கீழே வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் கடிகாரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கம்ப்யூட்டரை இரவு அணைத்து, மெயின் சுவிட்சையும் நிறுத்திவிட்டுப் படுக்கிறோம். காலையில் ஆன் செய்தால் அது சரியான நேரத்தைக் காட்டுகிறது. மின்சாரமே இல்லாதபோது அதற்கு எப்படி நேரம் தெரிந்தது?

இதற்குப் பதில் ஒரு சிறிய சிப், ஒரு சிறிய பேட்டரி, ஒரு சிறிய புரோகிராம். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்ன புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். லினக்ஸில் இத்தகைய கடிகார சிப்புக்கு டிரைவர் எழுதுவது எப்படி என்று பார்ப்பதோடு, அதை எழுதுபவரின் கடமை என்ன என்பது பற்றி எனக்குள்ள ஒரு கருத்தையும் இங்கே வைக்க விரும்புகிறேன். கருத்து இதுதான்: நேரம் தெரியாதபோது தெரியாது என்று சொல்வதுதான் ஒரு கடிகார டிரைவரின் முதல் வேலை. நேரத்தைச் சொல்வது இரண்டாவது வேலைதான்.

ஒரு சிப், ஒரு பேட்டரி

1981-ல் வெளிவந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யில் இப்படி ஒரு கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டாஸ் இன்றைய தேதி என்ன, நேரம் என்ன என்று கேட்கும். நாம் டைப் செய்ய வேண்டும். சோம்பல்பட்டு வெறுமனே என்டர் தட்டினால் 1980 ஜனவரி 1 என்று எடுத்துக்கொள்ளும். அன்று சேமித்த பைல்களில் எல்லாம் அந்தத் தேதியே ஏறிவிடும்.

1984-ல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. மாடலில் மோட்டோரோலா நிறுவனத்தின் எம்.சி.146818 என்ற சிப்பும் அதற்கு ஒரு பேட்டரியும் வைக்கப்பட்டன. இதைத்தான் ரியல் டைம் கிளாக், சுருக்கமாக ஆர்.டி.சி. என்கிறோம். இன்று அது தனி சிப்பாக இல்லாமல் மதர்போர்டின் சிப்செட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய சிப் பேசிய அதே மொழியைத்தான் இன்றைய பி.சி.க்களும் பேசுகின்றன. டெஸ்க்டாப்பைத் திறந்து பார்த்தால் மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி தெரியும். பெரும்பாலும் அது சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பேட்டரியாக இருக்கும். கடிகாரம் இரவெல்லாம் விழித்திருப்பது அதன் புண்ணியத்தில்தான்.

சிப்போடு ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் இணைந்திருக்கும். அது விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இது என்ன விநோதமான எண் என்று தோன்றும். இதைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, இப்படி 15 முறை செய்து பாருங்கள். சரியாக 1 வரும். பாதியாக்குவது எலெக்ட்ரானிக் சர்க்கியூட்டுக்கு மிகச் சுலபமான வேலை. எனவே 15 படிகளில் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடுகிறது. உங்கள் கைக்கடிகாரத்திலும் இதே கிரிஸ்டல்தான்.

இது தின்னும் மின்சாரம் மிக மிகக் குறைவு. உதாரணமாக, டி.எஸ்.1307 என்ற புகழ்பெற்ற கடிகார சிப் பேட்டரியில் ஓடும்போது அரை மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. 48 மில்லி ஆம்பியர் அவர் கொள்ளளவு உள்ள ஒரு சின்ன லித்தியம் பேட்டரி இருந்தால் பத்து ஆண்டுகளுக்கு மேல் தாங்கும்.

டிரைவர் என்ன செய்கிறது?

சிப் தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். ஆனால் அதன் மொழி ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குத் தெரியாது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேசுவது சிப்புக்குப் புரியாது. நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். பிரின்டர் வாங்கும்போது கூடவே ஒரு டிரைவரை நிறுவச் சொல்கிறார்கள் அல்லவா? அதே இனம்தான் இதுவும்.

லினக்ஸில் கடிகார சிப்களுக்கென்றே தனிப் பிரிவு ஒன்று உண்டு. இத்தாலியைச் சேர்ந்த அலெஸாண்ட்ரோ ஸும்மோ எழுதிய இந்தப் பிரிவு 2006-ல், கெர்னல் 2.6.17-ல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பு ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதி வந்தார்கள். இப்போது வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. பொதுவான வேலைகளை அந்தப் பிரிவே பார்த்துக்கொள்ளும். புது சிப்புக்கு டிரைவர் எழுதுபவர் முக்கியமாக இரண்டு பங்ஷன்களைக் கொடுத்தால் போதும். ஒன்று, நேரத்தைப் படி. இரண்டு, நேரத்தை எழுது. அலாரம் வசதி உள்ள சிப் என்றால் அதற்கு இன்னும் சில. அவ்வளவுதான். கடைசியில் ஒரு வரியில் அதைப் பதிவு செய்தால், ஆர்.டி.சி.0 என்ற பெயரில் ஒரு கருவி பைல் தோன்றிவிடும். மற்ற புரோகிராம்கள் அதன் வழியாகச் சிப்போடு பேசும்.

டி.எஸ்.1307 போன்ற சிப்கள் கம்ப்யூட்டரோடு ஐ2சி என்ற இரண்டு கம்பிப் பாதையில் பேசுகின்றன. ஒரு கம்பியில் தகவல், மற்றொன்றில் தாளம். ஒரே பாதையில் பல சிப்கள் தொங்கலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. டிரைவர் அந்த முகவரியைக் கூப்பிட்டு, முதல் ஏழு ரிஜிஸ்டர்களைக் கொடு என்று கேட்கிறது. விநாடி, நிமிடம், மணி, கிழமை, தேதி, மாதம், ஆண்டு என்று ஏழு பைட்டுகள் வருகின்றன.

ஏழு பைட்டுகள்தானே, அரை மணி நேர வேலை என்று நினைத்தால், அங்கேதான் கண்ணிகள் இருக்கின்றன.

முதல் கண்ணி, எண்களை எழுதும் முறை. இந்த சிப்கள் பி.சி.டி. என்ற முறையில் எண்களை வைத்திருக்கின்றன. ஒரு பைட்டின் மேல் பாதியில் பத்தின் இலக்கம், கீழ்ப் பாதியில் ஒன்றின் இலக்கம். 59 விநாடி என்றால் மேலே 5, கீழே 9. இதை மாற்றாமல் சாதாரண எண்ணாகப் படித்தால் 89 விநாடி என்று வரும். லினக்ஸில் இதை மாற்றித்தர ஒரு பங்ஷன் தயாராக இருக்கிறது. அதைக் கூப்பிட்டால் போதும்.

இரண்டாவது கண்ணி, மாதமும் ஆண்டும். சிப்புக்கு ஜனவரி என்றால் 1. லினக்ஸுக்கு ஜனவரி என்றால் 0. சிப் ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கமாக வைத்திருக்கும். 2026 என்றால் 26. லினக்ஸ் 1900-லிருந்து எண்ணும். 2026 என்றால் 126. ஆகவே மாதத்தில் ஒன்றைக் கழிக்க வேண்டும், ஆண்டோடு நூறைக் கூட்ட வேண்டும். மணிக்கும் ஒரு தனிக் குணம் உண்டு. ஒரு குறிப்பிட்ட பிட் 1 ஆக இருந்தால் 12 மணிக் கணக்கு, 0 ஆக இருந்தால் 24 மணிக் கணக்கு. அதைப் பார்க்காமல் படித்தால் மாலை காலையாகிவிடும்.

மூன்றாவது கண்ணிதான் சுவையானது. மணி 10:59:59 என்று வையுங்கள். டிரைவர் ஒவ்வொரு ரிஜிஸ்டராகத் தனித்தனியே படிக்கிறது. முதலில் விநாடி, 59 என்று வருகிறது. அடுத்து நிமிடம், அதுவும் 59. மணியைப் படிக்கப் போவதற்குள் ஒரு விநாடி கடந்து 11:00:00 ஆகிவிடுகிறது. இப்போது படித்தால் 11. மூன்றையும் சேர்த்தால் 11:59:59. ஒரு நொடியில் ஒரு மணி நேரம் முன்னால் போய்விட்டோம்! இந்தப் பிழை எப்போதோ ஒரு முறைதான் வரும். சோதித்துப் பார்க்கும்போது வராது. வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகுதான் வரும்.

இதற்கு சிப் தயாரிப்பவர்களே வழி வைத்திருக்கிறார்கள். ஏழு பைட்டுகளையும் ஒரே மூச்சில் கேட்டால், கேட்கத் தொடங்கிய கணத்திலேயே டி.எஸ்.1307 அந்த நேரத்தை ஒரு தனி இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டு அதிலிருந்து கொடுக்கும். பி.சி.யின் பழைய எம்.சி.146818 சிப்பில் வேறு ஏற்பாடு. இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறேன், பொறு என்று சொல்ல ஒரு பிட் வைத்திருக்கிறது. டிரைவர் அந்த பிட்டைப் பார்த்துக் காத்திருந்து படிக்க வேண்டும்.

இந்த மூன்று கண்ணிகளையும் தாண்டியவுடன் திரையில் சரியான நேரம் வந்துவிடும். வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை.

பேட்டரி தீர்ந்த பிறகு

நேரம் சரியாக இருக்கும்போது சரியாகச் சொல்லும் டிரைவரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். நேரம் தவறிப் போனபோது அது என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி.

பேட்டரி தீர்ந்து, மின்சாரமும் நின்றால், கடிகாரம் நின்றுவிடும். மறுபடி மின்சாரம் வரும்போது சிப்பின் ரிஜிஸ்டர்களில் ஏதோ ஒரு எண் இருக்கும். டி.எஸ்.1307 பெரும்பாலும் 2000 ஜனவரி 1 என்று தொடங்கும். கூடவே, விநாடி ரிஜிஸ்டரின் உச்சியில் உள்ள ஒரு பிட் 1 ஆக இருக்கும். கடிகாரம் ஓடவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். பிலிப்ஸ் நிறுவனத்தில் பிறந்து இன்று என்.எக்ஸ்.பி. பெயரில் வரும் பி.சி.எப்.8563 சிப்பிலும் அதே இடத்தில் ஒரு பிட் உண்டு. மின்னழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே போயிருந்தால் அது 1 ஆகிவிடும். நான் காட்டும் நேரத்துக்கு இனி உத்தரவாதம் இல்லை என்று அதற்குப் பொருள்.

டி.எஸ்.3231 என்ற சிப் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கிரிஸ்டலின் அதிர்வு இப்போது நின்றிருந்தாலும் சரி, நடுவில் சிறிது நேரம் நின்று மறுபடி ஓடத் தொடங்கியிருந்தாலும் சரி, அதில் ஒரு பிட் 1 ஆகி அப்படியே நிற்கும். நாமாக அழிக்கும்வரை போகாது.

நடுவில் நின்று ஓடுவதுதான் மிக ஆபத்தானது. ஒரு தொழிற்சாலை வாசலில் விரல் ரேகை பதியும் வருகைப் பதிவுக் கருவி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரவில் மின்சாரம் போகிறது. பேட்டரியும் தளர்ந்து போயிருக்கிறது. கடிகாரம் 40 நிமிடம் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது. கருவி 2000-ம் ஆண்டு என்று காட்டினால் காவலாளியே பார்த்துச் சிரித்துவிட்டு அலுவலகத்தில் சொல்லிவிடுவார். ஆனால் இங்கே ஆண்டு சரி, மாதம் சரி, தேதி சரி. நாற்பது நிமிடம்தான் பின்தங்கியிருக்கிறது. மாலை 6 மணிக்கு வேலை முடித்துப் போகிறவரின் பெயருக்கு எதிரே 5:20 என்று பதிவாகிறது. மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்தம். அவர் வாதாடினால், மெஷின் பொய் சொல்லுமா என்று கேட்பார்கள்.

மெஷின் பொய் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று சிப் அந்த பிட் மூலம் சொல்லித்தான் இருக்கிறது. அதைக் கேட்காமல் விட்டது டிரைவர். சிப் சொன்ன உண்மையை நடுவில் நின்ற மொழிபெயர்ப்பாளர் விழுங்கிவிட்டார்.

வீட்டிலும் இதற்குக் குறைவில்லை. தேதி தவறாக இருந்தால் பிரவுசர் வங்கி இணையதளத்தைத் திறக்க மறுக்கும். அந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று அது பார்க்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் 2000-ல் இருந்தால், சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பேக்கப் எடுக்கும் புரோகிராம்கள் பலவும் எந்த பைல் புதியது என்று தேதியை வைத்துத்தான் முடிவு செய்கின்றன. தேதி புரண்டால், புதிய பைலைப் பழையது என்று நினைத்து விட்டுவிடும். குழந்தையின் பிறந்தநாள் படங்கள் எந்த ஆண்டின் போல்டருக்குள் போய் ஒளிந்துகொள்ளும் என்றே சொல்ல முடியாது.

சரியான டிரைவர் என்ன செய்ய வேண்டும்?

நேரத்தைப் படிக்கும் பங்ஷனில் முதல் வேலையாக அந்த பிட்டைப் பார்க்க வேண்டும். அது 1 ஆக இருந்தால் நேரத்தைத் தரவே கூடாது. செல்லாத மதிப்பு என்ற பிழைக் குறியீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். லினக்ஸில் அதன் எண் 22. கேட்ட புரோகிராமுக்கு நேரம் தெரியவில்லை என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். பிறகு அது இன்டர்நெட்டில் உள்ள நேர சர்வரைக் கேட்கலாம். அல்லது உங்களையே கேட்கலாம்.

அந்த பிட்டை எப்போது அழிப்பது என்பதும் முக்கியம். டிரைவர் தொடங்கும்போதே சுத்தம் செய்கிறேன் என்று அழித்துவிடக் கூடாது. அது சாட்சியை அழிப்பதற்குச் சமம். யாராவது சரியான நேரத்தை எழுதும்போதுதான் அழிக்க வேண்டும். அதாவது, நேரத்தை எழுதும் பங்ஷனில் மட்டும்.

தொடங்கும்போது கடிகாரம் நின்றிருப்பதைக் கண்டால், பாவம் என்று தானாக ஒரு தேதியை எழுதி ஓடவிடும் டிரைவர்களும் பழைய நாளில் உண்டு. இன்று அந்தப் பழக்கத்தை லினக்ஸின் கடிகாரப் பிரிவைப் பராமரிப்பவர்கள் ஏற்பதில்லை. டி.எஸ்.1307, பி.சி.எப்.8563 இரண்டின் டிரைவர்களும் இன்றைய கெர்னலில் சந்தேகமான நேரத்தைத் தர மறுத்து, பிழைக் குறியீட்டையே திருப்புகின்றன.

இன்னொரு நல்ல பழக்கமும் வந்திருக்கிறது. இரண்டு இலக்க ஆண்டு மட்டுமே உள்ள சிப்புக்கு 2000 முதல் 2099 வரைதான் தெரியும். 2100 லீப் வருடம் அல்ல என்பதும் அதற்குத் தெரியாது. ஆகவே டிரைவர் தன் எல்லையை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. அதற்கு வெளியே உள்ள தேதியை யாராவது எழுத முயன்றால் லினக்ஸ் மறுத்துவிடும். தன் எல்லை தெரிந்தவரை நம்பலாம். மனிதருக்கும் இது பொருந்தும், சிப்புக்கும் பொருந்தும்.

மறுத்துச் சொல்பவர்கள்

இதை எல்லோரும் ஏற்றுக்கொள்வதில்லை. கருவி தயாரிக்கும் நிறுவனங்களில் இதற்கு நேர் எதிரான கருத்தைக் கேட்டிருக்கிறேன். வாடிக்கையாளருக்குப் பிழைச் செய்தியைக் காட்டினால் பயந்துவிடுவார், சர்வீஸுக்குப் போன் செய்வார், செலவு யாருடையது? ஏதாவது ஒரு தேதியைப் போட்டு ஓடவிடுங்கள், அவர் பார்த்துத் திருத்திக்கொள்வார். இது அவர்கள் வாதம்.

இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. புரியாத பிழைச் செய்தியை வீட்டில் இருப்பவர் முகத்தில் வீசுவது சரியல்ல. அதற்காகச் செய்தியைப் புரியும்படி எழுதுங்கள் என்றுதான் நான் சொல்வேன். உண்மையை மறைப்பது அதற்கு மருந்தாகாது. கடிகார பேட்டரி தீர்ந்திருக்கலாம், நேரத்தைச் சரிசெய்யவும் என்று இரண்டு வரி தமிழில் போட்டால் யார் பயப்படப் போகிறார்கள்?

இன்னொரு வாதமும் உண்டு. டிரைவர் பிழை சொன்னால், வேறு வழி தெரியாத லினக்ஸ் 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணத் தொடங்கும். அதுவும் தவறான தேதிதானே என்பார்கள். தவறான தேதிதான். ஆனால் வேறுபாடு இருக்கிறது. 1970 என்பதைப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள். தவிர, கடிகாரத்தைப் படிக்க முடியவில்லை என்ற தகவல் கேட்கிற புரோகிராமுக்குக் கிடைக்கிறது. வருகைப் பதிவுக் கருவி அதைக் கேட்டுக்கொண்டு, நேரம் சரிசெய்யப்படும்வரை பதிவுகளுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கலாம். பொய்யான 5:20-க்குப் பக்கத்தில் யாரும் கேள்விக்குறி போட முடியாது.

நவம்பர் 31

சில நேரங்களில் சிப்பே தவறாக இருக்கும். நம்ப முடியாத ஓர் உதாரணம் சொல்கிறேன். ராக்சிப் நிறுவனத்தின் ஆர்.கே.808 என்ற சிப் சில குரோம்புக் லேப்டாப்களில் பயன்பட்டது. அதன் கடிகாரத்துக்கு நவம்பர் மாதத்தில் 31 நாட்கள்! நவம்பர் 30-க்கு அடுத்த நாள் டிசம்பர் 1 என்று உலகமே சொல்ல, அது மட்டும் நவம்பர் 31 என்று சொல்லும். பிறகு ஆண்டுக்கு ஒரு நாள் பின்தங்கிக்கொண்டே போகும்.

விற்றுப்போன சிப்பைத் திருத்த முடியாது. டிரைவரைத் திருத்தலாம். லினக்ஸில் உள்ள இந்த சிப்பின் டிரைவரைப் பிரித்துப் படித்தால், அங்கே ஒரு குறிப்பு இருக்கும். இந்த சிப் பின்பற்றுவது தனிக் காலண்டர். அதில் நவம்பருக்கு 31 நாட்கள். 2016 ஜனவரி 1 அன்று இரண்டு காலண்டரும் ஒன்றாக இருந்ததாக வைத்துக்கொண்டு மாற்றுகிறோம் என்று அது விளக்குகிறது. இந்தக் கணக்குப்படி 2026 ஜனவரியில் சிப்பின் உள்ளே இருக்கும் தேதி உண்மைத் தேதிக்குப் பத்து நாள் பின்னால் இருக்கும். டிரைவர் அந்தப் பத்து நாளைக் கூட்டிச் சரியான தேதியைச் சொல்லிவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கணக்கை விட அந்தக் குறிப்புதான். குறையை மூடி மறைக்காமல், இதுதான் குறை, இப்படித்தான் சமாளிக்கிறோம் என்று யாரும் படிக்கும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். லினக்ஸின் மூல நிரல் திறந்து கிடப்பதால்தான் இது உங்களுக்கும் எனக்கும் தெரிய வந்தது. மூடிய பெட்டிக்குள் இருந்திருந்தால், டிசம்பர் 1 அன்று ஏன் தேதி புரள்கிறது என்று தெரியாமல் ஆளாளுக்குத் தலையைச் சொறிந்துகொண்டிருப்போம்.

உங்கள் வீட்டில்

டிரைவர் எழுதுவது நமக்கு எதற்கு என்று நினைக்கும் வாசகர்களுக்கும் இதில் சில பயன்கள் உண்டு.

கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது சிமாஸ் பேட்டரி குறைவு என்றோ, தேதியும் நேரமும் சரிசெய்யப்படவில்லை என்றோ செய்தி வந்தால், எரிச்சலோடு ஒரு கீயைத் தட்டிவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். அது உங்கள் கடிகாரம் நேர்மையாகச் சொல்லும் செய்தி. 1984-ன் எம்.சி.146818 சிப்பிலேயே, என் நேரத்தை நம்பலாமா கூடாதா என்று சொல்ல ஒரு பிட் வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அதே எண்ணுள்ள பேட்டரியாகப் பார்த்து மாற்றுங்கள். லேப்டாப் என்றால் சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள்.

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விநோத அனுபவம் நேரும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். கடிகாரம் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். விண்டோஸ் சிப்பில் நம் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கிறது. லினக்ஸ் வழக்கமாக உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். காலை 10 என்று விண்டோஸ் எழுதியதை லினக்ஸ் உலகப் பொது நேரம் என்று எண்ணி, மாலை 3:30 என்று காட்டும். சிப்பில் இருப்பது எந்த ஊர் நேரம் என்று குறித்து வைக்க அங்கே இடமில்லை, தகராறு அதனால்தான். இரண்டில் ஏதாவது ஒன்றின் அமைப்பை மாற்றி, இரண்டும் ஒரே முறையைப் பின்பற்றும்படி செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

மாதத்துக்கு ஒரு நிமிடம் போல நேரம் பிசகினால் அதுவும் கோளாறு அல்ல. சாதாரண கிரிஸ்டலில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகு இருப்பது சகஜம். அது ஒரு நாளைக்கு 1.7 விநாடி. சூடு ஏறினாலும் குளிர் ஏறினாலும் அதன் வேகம் குறையும். டி.எஸ்.3231 சிப் தன் வெப்பநிலையைத் தானே அளந்து இதைச் சரிக்கட்டுவதால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடப் பிசகுதான். இன்டர்நெட் இணைப்பு இருந்தால் நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியை ஆன் செய்து வையுங்கள்.

ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. 2012-ல் வந்த முதல் மாடலில் தொடங்கி, 2023-ல் ராஸ்பெர்ரி பை 5 வரும்வரை அதன் முக்கிய மாடல்களில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. அணைக்கும்போது இருந்த நேரத்தை ஒரு பைலில் எழுதி வைத்து, அடுத்த முறை அங்கிருந்து தொடங்கும் புரோகிராம் ஒன்று இருந்தது. அதன் பெயரிலேயே போலிக் கடிகாரம் என்று போட்டிருந்தார்கள். போலியாக இருந்தாலும் அதைச் சொல்லிவிட்டுச் செய்த அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். பை 5-ல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. பேட்டரியை மட்டும் தனியாக வாங்கி இணைக்க வேண்டும்.

எழுதிப் பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு

இன்ஜினியரிங் கல்லூரிகளில் டிவைஸ் டிரைவர் என்பது பாடப் புத்தகத்தில் ஒரு படம், நான்கு கட்டங்கள், ஐந்து மதிப்பெண். கையால் தொட்டுப் பார்க்காமல் அது புரியாது. தொட்டுப் பார்க்க கடிகார சிப்பை விட நல்ல பொருள் இல்லை என்பது என் எண்ணம். டி.எஸ்.1307 பலகைகள் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகவே கிடைக்கின்றன. ரிஜிஸ்டர்கள் கொஞ்சம், கம்பிகள் இரண்டு. தவறாக எழுதினால் புகை வராது, நேரம்தான் தவறும். உங்கள் விடை சரியா என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் சிப்பின் விவரக் குறிப்பை முழுதாகப் படியுங்கள். பிறகு கெர்னலில் உள்ள டிரைவரை ஒரு முறை படித்துவிட்டு மூடிவையுங்கள். நீங்களாக ஒன்று எழுதுங்கள். நேரம் சரியாக வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, சிறிது நேரம் கழித்து மாட்டி, இப்போது உங்கள் டிரைவர் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஏதோ ஒரு தேதியை அது கூசாமல் சொன்னால், வேலை இன்னும் மீதி இருக்கிறது என்று அர்த்தம்.

நாம் ஒவ்வொரு நாளும் மேலும் மேலும் காரியங்களை மெஷின்களிடம் ஒப்படைத்து வருகிறோம். அவை சொல்வதை அப்படியே நம்பவும் பழகிவிட்டோம். தவறு செய்யாத மெஷினை யாராலும் செய்துவிட முடியாது. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மெஷினைச் செய்ய முடியும். கடிகார சிப் தயாரித்தவர்கள் அதற்காக ஒரே ஒரு பிட்டை ஒதுக்கி வைத்தார்கள். அந்த ஒரு பிட்டை மதித்துப் படிப்பது டிரைவர் எழுதுபவரின் பொறுப்பு. அந்தச் செய்தி திரைக்கு வரும்போது அலட்சியப்படுத்தாமல் பேட்டரியை மாற்றுவது நம் பொறுப்பு.